நாலு கம்பி வந்த வழி

“கம்பியோ? ஏன் மச்சான், வேலி அடைக்கப் போறியோ?”

ஸ்காபரோவிலிருந்து இப்படிக் கேட்டவன் என்னோடு ஒரே வாங்கில் இருந்து படித்தவன். 2007ஆம் ஆண்டு. அவனுடைய மாமியார் கொழும்புக்கு வருவதாக இருந்தார். கனடாவிலிருந்து ஆரும் வந்தால் சொக்லேற், ரீசேட், கைகால் உளைவுக்குப் பூசுகிற தைலம் என்று கேட்பதுதான் வழக்கம். நான் பேஸ் கிற்றாருக்கு ஒரு செற் கம்பி கேட்டேன். அதுவும் கண்ட கம்பி இல்லை, பிளாட்வவுண்ட். டடாரியோ கொம்பனியின் ‘குறோம்ஸ்’ என்ற வகை, 45இலிருந்து 100 வரை, லோங் ஸ்கேல். இரண்டு முறை எழுத்துக்கூட்டிச் சொன்னேன். அவனுக்குப் பொறுமை போய்விட்டது. “நாளைக்குக் கடையில போய் நிண்டு அடிக்கிறன், அவனிட்டை நீயே சொல்லு” என்றான். அப்படியே செய்தான்.

அந்த நாலு கம்பியின் கதை இது. நான் பெரிய வாசிப்புக்காரன் இல்லை. ஞாயிற்றுக்கிழமைப் பூசைக்கும் தெரிந்தவர்களின் கலியாண வீட்டுக்கும் வாசிக்கிறவன். கம்பியின் கதையில் இடையில் வந்துபோகிற ஆள்.

தெஹிவளையில் காலி வீதிக்குக் கடற்கரைப் பக்கம் குடியிருக்கிறவர்களுக்கு இரும்பின் குணத்தை ஒருவரும் சொல்லித்தரத் தேவையில்லை. கடைசி வீட்டுக்கும் கடலுக்கும் நடுவே ரயில் பாதை மட்டும்தான். மே மாதம் தென்மேற்குப் பருவக்காற்று தொடங்கினால் யன்னல் கண்ணாடியில் உப்புப் பூக்கும். யன்னல் கொண்டி, காற்றாடியின் மூடி, பிரிட்ஜின் கால், கேற் பிணைச்சல் எல்லாம் ஒரே நிறத்துக்கு வந்துவிடும். பேஸ் கிற்றாரில் எல்லாரும் போடுகிற றவுண்ட்வவுண்ட் கம்பி எங்கள் வீட்டில் ஆறு கிழமை தாங்கினால் பெரிய காரியம். போட்ட அன்று பியானோ மாதிரிக் கணீரென்று இருக்கும். மூன்றாம் கிழமை கணீர் போய்விடும். ஆறாம் கிழமை, ஈரச் சாக்கைத் தட்டுகிற சத்தம்.

காரணம் கம்பியின் மேனியில் இருக்கிறது. றவுண்ட்வவுண்ட் என்றால் நடுவில் ஓர் உருக்கு நரம்பு, அதைச் சுற்றி உருண்டைக் கம்பி. உருண்டையும் உருண்டையும் பக்கத்தில் பக்கத்தில் இருந்தால் நடுவில் பள்ளம் விழும் அல்லவா? அந்தப் பள்ளத்தில் விரல் வியர்வையும் எண்ணெயும் தோல் பொருக்கும் போய் அடைகின்றன. எங்கள் ஊரில் இவற்றோடு கடல் உப்பும் சேரும். துருப்பிடிக்காத உருக்கு என்ற பெயரை நம்பி இருக்கவும் முடியாது. அந்த உருக்கைக் காப்பது அதன் மேலுள்ள மிக மெல்லிய ஒட்சைட்டுப் படலம். உப்பிலுள்ள குளோரைட்டு அந்தப் படலத்தை அங்கங்கே துளைத்துப் புள்ளி புள்ளியாகத் தின்னும். அடைந்த அழுக்குக் கம்பியின் பாரத்தை ஓரிடத்தில் கூட்டும், இன்னோரிடத்தில் கூட்டாது. பிறகு அந்தக் கம்பி தன்னோடு தானே சுருதி சேராது.

இதற்கு உலகம் முழுவதும் பேஸ் வாசிக்கிறவர்களுக்குத் தெரிந்த ஒரு கை மருந்து உண்டு: கம்பியைக் கழற்றிக் கொதிநீரில் போட்டு எடுப்பது. அழுக்கு இளகும், சத்தம் திரும்பும், சில நாளில் பழையபடி. நானும் குசினியில் சட்டி வைத்து அவித்தவன்தான். ஒருநாள் அதைச் சொல்லப்போய் ஓர் அண்ணையிடம் வாங்கிக் கட்டினேன்.

“தம்பி, நீர் ஏன் கம்பியை அவிக்கிறீர்? அதென்ன மரவள்ளிக் கிழங்கே?”

அவர் மிருகக்காட்சிச்சாலைப் பக்கம் இருந்தார். அந்தப் பக்கம் இருக்கிறவர்களுக்கு விடியப்புறத்தில் சிங்கம் உறுமுவது படுக்கையிலேயே கேட்கும். “அதுதான் உம்மடை ஈ கம்பி” என்பார், நாலில் ஆகத் தடித்த கம்பியைச் சொல்லி. 70களில் ஹொட்டேல் பாண்டுகளில் பேஸ் வாசித்தவர். தன்னுடைய கிற்றாரை எடுத்து மடியில் தந்தார். விரலை வைத்தபோது கம்பி என்றே தோன்றவில்லை. மினுக்கிய பித்தளைக் கைபிடி மாதிரி வழுவழுவென்று இருந்தது. எப்போது மாற்றியது என்று கேட்டேன்.

“மூத்த மகள் பிறந்த வருசம்.”

“மகளுக்கு இப்ப என்ன வயசு அண்ணை?”

“அவளுக்கு ரெண்டு பிள்ளையள்.”

ஒரு சுரம் தட்டினேன். கணீர் இல்லை. ‘தும்’ என்று நெஞ்சுக்குள் இறங்கி, சொல்ல வந்ததைச் சொல்லிவிட்டு நின்றது. அன்றைக்கே முடிவெடுத்துவிட்டேன் என்று எழுதினால் பொய். பழஞ்சத்தம் என்றுதான் முதலில் நினைத்தேன். அதற்குப் பிறகும் இரண்டு செற் றவுண்ட்வவுண்ட் வாங்கி உப்புக்குக் கொடுத்தேன்.

பிளாட்வவுண்டில் இருப்பது வேறொரு சுற்று. நடு நரம்பின் மேல் முதலில் மெல்லிய உருண்டைக் கம்பியைச் சுற்றுவார்கள். எல்லாவற்றுக்கும் மேலே வருவது தட்டையான நாடா. பாயிழை மாதிரி ஓரத்தோடு ஓரம் அணைந்து கிடப்பதால் பள்ளம் இல்லை. பள்ளம் இல்லாதபடியால் அழுக்குக்கு இடம் குறைவு, விரல் இழுபடும்போது கீச்சுச் சத்தம் இல்லை, கழுத்திலுள்ள பிறெட்டுகளுக்கு அராவுகிற வேலையும் இல்லை. மேல் சுரங்களின் மினுக்கத்தை அந்த நாடா அமத்திவிடும். புதுக் கம்பியின் மினுக்கம் போய்விட்டதே என்று கவலைப்பட, பிளாட்டுக்கு முதலே பெரிதாக மினுக்கம் கிடையாது. அது கிழவனாகவே பிறக்கிறது. அதனால்தான் கிழடாவதில்லை.

ஏன் சுற்ற வேண்டும், ஒரே தடித்த கம்பியாகப் போட்டால் என்ன என்று கேட்கலாம். மிருதங்கத்தின் தொப்பிப் பக்கம் அதற்குப் பதில் சொல்லும். கச்சேரிக்கு முன் அங்கே ரவைப் பசை அப்புகிறார்களே, அது தோலுக்குப் பாரம் ஏற்றத்தான். பாரம் ஏறினால் சுரம் கீழே இறங்கும். பேஸ் கிற்றாரின் ஈ கம்பி செக்கனுக்கு ஏறத்தாழ 41 தரம் அதிர வேண்டும். இவ்வளவு கீழே இறங்க நிறையப் பாரம் வேண்டும். அவ்வளவு பாரத்தையும் ஒரே கம்பியாகப் போட்டால் அது கம்பி இல்லை, இரும்புக் கோல். விறைத்துப்போய் அதன் மேல் சுரங்கள் எல்லாம் பிசகும். நடுவில் மெல்லிய நரம்பை வைத்து மேலே சுற்றினால் பாரமும் ஏறும், வளைவும் இருக்கும். எங்கள் மாமியின் வீணையிலும் மந்தரமும் அனுமந்தரமும் சுற்றுக்கம்பிதான். இது பேஸ் கிற்றாருக்கென்று எவரும் புதிதாகக் கண்டுபிடித்தது அல்ல.

கம்பி செய்கிறவர்கள் எவ்வளவு பழைய ஆட்கள் என்று பார்த்தால் கதை இத்தாலியின் அப்றுட்சோ மலைப்பக்கம் போகிறது. அங்கே சாலே என்று ஒரு சின்னக் கிராமம். ஆட்டுக் குடலைக் கழுவி முறுக்கி வாத்திய நரம்பு செய்வது அந்த ஊர்த் தொழில். 1680ஆம் ஆண்டு ஞானஸ்நானப் பதிவில் டொனாட்டோ டடாரியோ என்பவரின் தொழில் ‘நரம்பு செய்பவர்’ என்று எழுதப்பட்டிருக்கிறது. 1905இல் அந்தக் குடும்பத்தார் நியூயோர்க் போனார்கள். லா பெல்லா என்ற கம்பியைச் செய்கிற மாரி குடும்பத்துக்கும் அதே சாலேதான் ஊர். ஆக, இன்றைக்கு பேஸ் கிற்றார் வாசிக்கிறவன் கடையில் நின்று தலையைச் சொறியும் இரண்டு பெயர்களும் ஒரே கிராமத்துப் பெயர்கள். பனையோலையும் பாயும் போல ஊரோடு ஒட்டிய கைத்தொழில் ஒன்று கடல் தாண்டிக் கொம்பனியான கதை எங்களுக்குப் புரியாத கதை இல்லை.

1951இல் கலிபோர்னியாவில் லியோ ஃபெண்டர் ‘பிரிசிஷன் பேஸ்’ என்ற மின்சார பேஸ் கிற்றாரை விற்பனைக்கு விட்டார். 34 அங்குலம் நீளமான கம்பி. பிறெட் போட்டிருந்ததால் சுரம் பிசகாமல் அமத்தலாம். பெயரும் அதனால் வந்தது. அதுவரை ஆளுயரக் கொன்ட்றபாஸைக் கட்டிப்பிடித்துக்கொண்டு திரிந்தவர்கள் இதைத் தோளில் மாட்டினார்கள். அந்தக் காலத்தில் பிளாட் வேண்டுமா றவுண்ட் வேண்டுமா என்ற கேள்வியே கிடையாது. கம்பி என்றால் தட்டைக் கம்பிதான். டிட்ரொயிட் நகரத்தில் மோட்டவுன் கொம்பனியின் பாட்டுகளுக்கு ஜேம்ஸ் ஜேமர்சன் பேஸ் வாசித்தது லா பெல்லாவின் தடித்த செற்றில், 52இலிருந்து 110 வரை. வலது கையில் ஒரே ஒரு விரல். கம்பி அறுந்தால் ஒழிய மாற்றவே மாட்டார். அவருடைய கிற்றார் 1983இல் அவர் இறப்பதற்குச் சற்று முன் களவு போனது. ஹம்பேர்க்கில் 1961இல் போல் மக்கார்ட்னி வாங்கிய ஹோஃப்னர் பேஸும் 1972இல் களவு போன ஒன்றுதான். அது மட்டும் 50 வருடத்துக்கு மேல் கழித்துக் கண்டுபிடிக்கப்பட்டு அவர் கைக்கு வந்தது. பேஸ் கிற்றார்களின் தலையெழுத்தில் களவு ஒரு கட்டம் போலும்.

1966இல் காற்றுத் திரும்பியது. இங்கிலாந்தில் தி ஹூ குழுவின் ஜோன் என்ட்விஸ்லும் றோட்டோசவுண்ட் கொம்பனியும் சேர்ந்து பியானோ போல ஒலிக்கும் றவுண்ட்வவுண்ட் பேஸ் கம்பியை உருவாக்கினார்கள். பேஸ் முன்னுக்கு வந்து பேசத் தொடங்கியது. தட்டைக் கம்பி மெல்ல மெல்லத் தாத்தா கம்பியானது. அதே 1966இல்தான் இங்கே கிளரன்ஸ் விஜேவர்தனவும் அனஸ்லி மாலேவனவும் மூன்ஸ்டோன்ஸ் குழுவோடு சிங்களப் பாட்டுக்குள் மின்சாரக் கிற்றாரைக் கொண்டுவந்தார்கள். கொஞ்சம் பின்னால் நித்தி கனகரத்தினமும் ஏ. ஈ. மனோகரனும் தமிழில் பொப் இசை என்று ஒன்றை நடத்திக் காட்டினார்கள். மனோகரனின் ‘சுராங்கனி’ 1977இல் ‘அவர் எனக்கே சொந்தம்’ படத்தில் இளையராஜா இசையோடு தமிழ்நாட்டுக்கும் போய்விட்டது. பைலா என்ற ஆட்டப் பாட்டின் ஆறு எட்டுத் தாளம் எங்கள் கால்களுக்கு நன்றாகத் தெரியும். அந்தத் தாளத்தைத் தூக்கிப் பிடிக்கிற பேஸை எந்தக் கம்பியில் வாசித்தார்கள் என்று யாரும் கேட்டதில்லை. கேட்க வேண்டிய அவசியமும் இல்லை: வாங்கக் கிடைத்த கம்பியில் வாசித்தார்கள்.

அண்ணை இதைத்தான் சொன்னார். 1970க்கும் 77க்கும் இடையில் சிறிமாவோ அரசாங்கம் இறக்குமதியை இறுக்கியிருந்த காலம். பாணுக்கே வரிசை. கிற்றார் கம்பிக்கு அந்நியச் செலாவணி கேட்டு யாரிடம் போவது? கப்பலில் வேலை செய்கிறவர்கள் சிங்கப்பூரிலிருந்து காற்சட்டைப் பொக்கற்றில் கொண்டுவந்தால்தான் உண்டு. “அந்த நேரம் றவுண்ட் போட்டவன் எல்லாம் மூண்டு மாசத்திலை முழிசிக்கொண்டு நிண்டவங்கள். நான் ஒரு பிளாட் செற்றோடை ஆறு வருசம் ஓட்டினன்” என்றார். பெருமையாகச் சொல்லவில்லை. அரிசிக் கணக்குச் சொல்வது மாதிரிச் சொன்னார்.

எனக்குப் புத்தி வந்தது அந்தக் கணக்கால்தான்.

சரி, பிளாட் என்று முடிவானாலும் எந்தப் பிளாட்? லா பெல்லா 52 செற்றை என்னுடைய கிற்றார் தாங்காது. அது ஒரு ஜப்பான் கொப்பி. மாலைதீவு ஹொட்டேல் ஒன்றுக்கு வேலைக்குப் போன ஒருவர் விற்றுவிட்டுப் போனது. கழுத்து ஏற்கனவே கொஞ்சம் முன்னுக்குச் சாய்ந்திருந்தது. வியன்னாவின் தோமஸ்டிக் இன்ஃபெல்ட் கொம்பனியின் ‘ஜாஸ் பிளாட்ஸ்’ எதிர்ப் பக்கம்: 43, 56, 70, 100 என்று நடுக் கம்பிகள் மெலிந்தவை, இழுவை மிகக் குறைவு, விரலுக்கு இதம். ஆனால் விலை கூட. அழுத்தி வாசித்துப் பழகிய கைக்கு அது தொய்ந்த கொடிக்கயிறு மாதிரியும் இருக்கும். குறோம்ஸ் நடுவில் நிற்கிறது. பிளாட்டுகளுக்குள் கொஞ்சம் மினுக்கம் கூடியது. பைலாவில் கொங்காவுக்கும் டிறம்ஸுக்கும் நடுவே பேஸ் அமுங்கிப்போகாமல் இருக்க அந்தக் கொஞ்சம் வேண்டும்.

45, 65, 80, 100 என்ற எண்கள் அங்குலத்தின் ஆயிரத்தில் ஒரு பங்குக் கணக்கு. 100 என்றால் இரண்டரை மில்லிமீற்றர், கருவேப்பிலைக் காம்பின் மொத்தம். நீளத்தையும் பார்க்க வேண்டும். ஒருமுறை அவசரப்பட்டு நான் ஷோர்ட் ஸ்கேல் செற் ஒன்று வாங்கி ஏமாந்திருக்கிறேன். அது 30 அங்குலக் கிற்றாருக்கானது. என்னுடையதில் பூட்டினால் நூல் சுற்றிய வால்பக்கம் கழுத்துக்குள்ளேயே வந்துவிட்டது. குண்டு முனையிலிருந்து நூல் தொடங்கும் இடம் வரை அளந்து பாருங்கள், 34 அங்குலத்தைத் தாராளமாகத் தாண்ட வேண்டும். யாரும் கனடாவுக்குச் சொல்லிவிடும்போது முதலில் சொல்லவேண்டியது இது. மொத்தம் பிழைத்தால் வாசிக்கலாம், நீளம் பிழைத்தால் வேலிக்குத்தான்.

கம்பி செய்யப்பட்டது நியூயோர்க் மாநிலத்தில், ஃபார்மிங்டேலில். அங்கிருந்து ரொறன்ரோக் கடைக்கு. கடையிலிருந்து நண்பனுடைய மாமியாரின் சூட்கேஸுக்கு, இரண்டு சேலைக்கு நடுவில். கட்டுநாயக்கா விமான நிலையத்தில் ஒருவரும் அதைத் திரும்பிப் பார்க்கவில்லை. வெள்ளவத்தையில் அவர் தங்கியிருந்த வீட்டுக்குப் போய்த் தேத்தண்ணி குடித்து, கனடாக் குளிரைப் பற்றிக் கேட்டுவிட்டு, பொதியை வாங்கிக்கொண்டு தெஹிவளைக்கு நடந்தே வந்தேன். அவ்வளவு தூரம் வந்த கம்பிக்குக் கடைசி ஒரு மைலில்தான் கண்டம் இருந்தது.

அந்த வருடம் ஜூன் மாதத்தில்தான் வெள்ளவத்தை உட்படக் கொழும்பு லொட்ஜுகளிலிருந்து 300க்கும் மேற்பட்ட தமிழர்களை பஸ்ஸில் ஏற்றி வடக்குக்கும் கிழக்குக்கும் அனுப்பினார்கள். உச்ச நீதிமன்றம் தலையிட்டுத் தடுக்க வேண்டியிருந்தது. அப்படியான காலத்தில் கையில் வளையம் வளையமாகக் கம்பியோடு ஒரு தமிழன் சோதனைச் சாவடியைக் கடக்கிறான். எனக்கு வழியில் அது உறைக்கவே இல்லை. “மே மொனவத?”, இவை என்ன என்று சிங்களத்தில் கேட்டபோதுதான் உறைத்தது. கிற்றார் தத், கிற்றார் கம்பி என்றேன். கிற்றார் எங்கே என்றார்கள். வீட்டில் என்றேன். வீட்டில் இருந்தால் கம்பி ஏன் கையில்? நியாயமான கேள்விதான், பதில் சொன்னால் கதை நீளும். பையை வெட்டினார்கள். மெல்லிய ஜி கம்பியை ஒருவர் வெளியே எடுத்து, விரித்து, இரண்டு கையாலும் மடித்துப் பார்த்தார். அடையாள அட்டையை வாங்கிக்கொண்டு முக்கால் மணித்தியாலம் ஓரமாக நிற்கச் சொன்னார்கள். பிறகு போகச் சொன்னார்கள். நாலு கம்பியும் எண்ணிப் பார்த்து வாங்கினேன். ஜியின் வால்பக்கத்தில், நூல் சுற்றிய இடத்தில், ஒரு நெளிவு விழுந்திருந்தது.

வீட்டில் வந்து கம்பியைப் பூட்டிய கதையைச் சுருக்கமாகச் சொல்லலாம். தடித்த பக்கத்தை வெட்டாமல், முதலில் மடித்து, பிறகு வெட்ட வேண்டும். முந்தினால் சுற்றுக் கழன்றுவிடும். நாலும் சேர்ந்து ஏறத்தாழ 80 கிலோ இழுக்கும், ஒரு நல்ல ஆள் கழுத்தில் தொங்குவது மாதிரி. இரண்டாம் நாள் என் கிற்றாரின் கழுத்து முன்னுக்கு வளைந்து கம்பி உயர்ந்துவிட்டது. அலன் கீயால் கழுத்துக்குள் இருக்கும் ட்ரஸ் றொட்டைக் கால் சுற்று இறுக்கி, ஒருநாள் விட்டு, இன்னொரு கால் சுற்று. முதல் பிறெட்டிலும் கடைசிப் பிறெட்டிலும் அமத்திப் பிடித்தால் நடுவில் ஒரு விசிட்டிங் காட் போகுமளவு இடைவெளி இருக்க வேண்டும். பாலத்துக்குக் கிட்ட, கம்பிக்கு அடியில், அதிர்வு நீளாமல் அடக்க, கோப்பை கழுவுகிற பஞ்சில் ஒரு துண்டு வெட்டிச் செருகினேன். ஃபெண்டர் தன்னுடைய மூடிக்குள் ஒட்டிக் கொடுத்த பஞ்சும் செய்கிற வேலை அதுதான்.

முதல் நாள் சத்தம் எனக்குப் பிடிக்கவில்லை. அதை ஒளிக்காமல் சொல்லிவிட வேண்டும். பிளாட்டே என்றாலும் புதுக் கம்பிக்கு ஒரு தகரச் சாயல் இருக்கும். அண்ணையிடம் சொன்னேன். “போய் வாசியும். தீபாவளி கழிய வாரும்” என்றார். தீபாவளி கழிந்தது, நத்தார் வந்தது, நள்ளிரவுப் பூசையில் முதல் தரமாக அந்தத் ‘தும்’ வந்தது. சீமெந்து மண்டபத்தில் றவுண்ட்வவுண்ட் வாசித்தால் சுவருக்குச் சுவர் கலகலவென்று அடிக்கும். பாடகர் குழுவின் சொல் காதில் விழாது. இது நிலத்தோடு போனது. என்ன மாற்றினாய் என்று ஒருவரும் கேட்கவில்லை. ஆனால் பாடினவர்கள் சுருதி விடவில்லை.

எல்லாவற்றுக்கும் இது சரிவரும் என்று சொல்ல மாட்டேன். பெருவிரலால் தட்டி, மற்ற விரலால் சுண்டி வாசிக்கிற ஸ்லாப் வேலைக்குத் தட்டைக் கம்பி சாம்பாரில் ஊறின வடை மாதிரி. இளையராஜா பாட்டுக் கசெட்டுகளில் சசிதரனின் பேஸைக் கேட்டு விரல் பழகியவர்கள் நாங்கள். அந்தப் பாட்டுகளில் சிலவற்றில் பேஸ் மேலே வந்து பாடுகிறது. அங்கே கொஞ்சம் மினுக்கம் இருந்தால்தான் நல்லது என்பது என் அபிப்பிராயம். ஆனால் பிளாட் என்றால் கிழடு என்பவர்களோடு ஒத்துப்போகவும் மாட்டேன். அயர்ன் மெய்டன் குழுவின் ஸ்டீவ் ஹாரிஸ் வாசிப்பது பிளாட்டில். ஹிக்கடுவைக் கடற்கரை முழுக்க ஒலிக்கிற பொப் மார்லி பாட்டுகளுக்கு அடியில் ஆஸ்டன் பாரெட் வாசித்ததும் பிளாட்டில்தான்.

2009இல் யுத்தம் முடிந்தது. சோதனைச் சாவடி பிறகு இல்லாமல் போனது. அண்ணை மகளோடு மெல்பேர்ண் போய்விட்டார், கிற்றாரையும் கொண்டு. என் கம்பி இருந்தபடி இருந்தது. வாசித்து முடிந்ததும் காய்ந்த துணியால் ஒரு துடை, மாதத்துக்கு ஒருமுறை துணியில் கொஞ்சம் ஸ்பிரிட். பிரிட்ஜ் இரண்டு முறை மாறிவிட்டது. கம்பி மாறவில்லை.

2022இல் கணக்கு மறுபடி முன்னுக்கு வந்து நின்றது. மார்ச் மாதத் தொடக்கத்தில் ஒரு டொலர் 200 ரூபா சொச்சம். மே மாதத்தில் 360. நாற்பது டொலர்க் கம்பி ஒன்றென்று வையுங்கள். என் செற் வந்த வருடத்தில் அது 4,400 ரூபா அளவில் வரும். 2022 மே மாதத்தில் 14,000 ரூபாவைத் தாண்டும், அதுவும் கடைக்காரரின் லாபம் சேராமல். பெற்றோலுக்கு நாள் கணக்கில் வரிசை. அந்தக் கிழமைகளில்தான் கொட்டாஞ்சேனையிலிருந்து ஒரு பொடியன் பேசினான். புனித லூசியாள் பேராலயத்துக்குக் கிட்ட இருக்கிறவன், கோயில் பாடகர் குழுவில் பேஸ். “அங்கிள், ஏ கம்பி அறுந்திட்டுது. ஒரு பழைய ஏ இருந்தா…”

எனக்கு அதற்குள் இடது கை நடுவிரல் மூட்டு மக்கர் பண்ணத் தொடங்கியிருந்தது. கிற்றார் ஆறு மாதமாகச் சுவரில். நாலையும் கழற்றினேன். பிளாட் கம்பியை ஒரு கிற்றாரிலிருந்து இன்னொன்றுக்கு மாற்றலாம், ஆணியில் சுற்றியிருந்த மடிப்பை நேராக்க முயலக் கூடாது, அவ்வளவுதான். கடதாசியில் சுற்றி, வளையமாக வைத்து, 100ஆம் இலக்க பஸ்ஸில் கோட்டைக்குப் போய், அங்கிருந்து இன்னொரு பஸ். இந்த முறை வழியில் ஒருவரும் மறிக்கவில்லை.

ஈ ஏறியது. ஏயும் டியும் ஏறின. ஜியைச் சுருதிக்கு ஏற்றும்போது ‘டக்’ என்றது. 15 வருடத்துக்கு முன் மடித்துப் பார்த்த அதே நெளிவில், நூல் சுற்றிய இடத்தில் அறுந்தது.

தனிக் கம்பியாக ஒரு ஜி கிடைக்கப் பொடியனுக்கு நாலு மாதம் ஆனது. அதுவரை மூன்று கம்பியிலேயே பூசைக்கு வாசித்தான். இப்போது போய்க் கேட்டால் ஈ, ஏ, டி மூன்றும் 2007இல் நண்பனுடைய மாமியாரின் சேலைக்கு நடுவில் வந்தவை. ஜி மட்டும் கொஞ்சம் தகரம் போலக் கேட்கிறதாம், கழற்றவா என்று கேட்டான். கழற்றாதே, இரண்டு நத்தார் போகட்டும் என்று சொல்லியிருக்கிறேன்.